சேனை தொட்ட விரல்

எங்கம்மா தெய்வாத்தாள் தன் கையால் எத்தனை பிள்ளைகளை எடுத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. எனக்கு முதல் நாற்பத்தொன்று மட்டும் தெரியும். கோயமுத்தூர் ஆசுபத்திரி ஒன்றில் அவள் மருத்துவச்சிப் படிப்புப் படித்த ஒன்றரை வருஷத்தில் பிறந்த பிள்ளைகள் அவை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொண்டாமுத்தூருக்கு மேற்கே இருந்த எங்கள் தோட்டத்துக்கு வருவாள். வந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "இந்த மாசம் எத்தனைம்மா?" என்பதுதான். "மூணு கண்ணு. அதுல ஒண்ணு காலு முன்னால வந்துது" என்று பெருமையாகச் சொல்லுவாள். நான் மாட்டுச்சாளைச் சுவரில் கரித்துண்டால் மூன்று கோடு போடுவேன். மகளுக்குத் தன் படிப்பில் இத்தனை அக்கறையா என்று அவள் பூரித்துப்போவாள்.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவரையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. ஒருவரையும் எனக்குப் பிடிக்காது.

எங்கப்பா பொங்கியண்ணன் கிணறு வெட்டும்போது மேட்டில் நின்று வேலை வாங்குகிற ஆள் இல்லை. தானே இறங்கிவிடுவார். 1932 ஐப்பசியில், பாறைக்கு வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்காமல் கிடந்தது. அதைப் பார்க்க இறங்கினார். வண்டியில் போட்டுக் கோயமுத்தூர் கொண்டுபோனார்கள். மூன்று நாள் உயிர் இருந்தது. மூன்று நாளும் அம்மா கட்டிலோரம் நின்றாள். கட்டு மாற்றும்போது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் வராந்தாவுக்குப் போய்விட, அவள் மட்டும் நர்சம்மாவுக்குக் கிண்ணம் பிடித்தாள்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று அந்த நர்சம்மா கேட்டாளாம்.

"அஞ்சாவது வரைக்குமுங்க."

"உன் கை நடுங்கலை. இங்கே மருத்துவச்சிப் படிப்புக்கு ஆள் எடுக்கறாங்க. ஞாபகம் வெச்சுக்கோ."

புருஷன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது சொன்ன பேச்சு. அம்மா அதற்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்துத்தான் சொன்னாள். அதுவும் நர்சம்மாவிடம் அல்ல, பெரியப்பாவிடம்.

அப்போது நாங்கள் அப்பாவின் அண்ணன் குமாரசாமிப் பெரியப்பா வீட்டோடு இருந்தோம். அம்மாவுக்கு வெள்ளைச் சீலை. பெரியப்பாவின் மூத்த மகன் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் போட்ட அன்று, விடிந்ததிலிருந்து அவள் மாட்டுச்சாளையிலேயே இருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. அவளாகத்தான் போனாள். பொழுது சாய்ந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு வெளியே வந்து, கோயமுத்தூருக்குப் படிக்கப் போகிறேன் என்றாள்.

பெரியப்பா வெற்றிலையை மடித்தபடியே சொன்னார். "அது ஊரூழியம் பண்ற குடிமகளுக பாக்கற வேலை அம்மணி. நம்மூட்டுப் பொம்பளைக செய்யற வேலையா?"

"மாட்டுச்சாளையில ஒக்கார்றதும் நம்மூட்டுப் பொம்பளைக வேலை இல்லீங்களே. இன்னைக்கு முச்சூடும் அதைத்தானுங்க செஞ்சேன்."

பெரியப்பா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். அம்மாவிடம் பேசித் தோற்றவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார்கள்.

ஆசுபத்திரி விடுதியில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு ஒன்பது வயது. பெரியம்மா ராசாத்தாளிடம் விட்டுவிட்டுப் போனாள். "பாஸாகி வேலை கெடைச்சதும் நாம ரண்டு பேரும் ஒட்டுக்கா இருக்கலாம் சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் இரண்டு வருஷம் இருந்தேன்.

படிப்பின் முதல் நாளில் நடந்ததை அம்மா எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். தலைமை நர்சாக இருந்த வெள்ளைக்காரத் துரைசானி, படிக்க வந்த பெண்களை வரிசையாக நிறுத்தி, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். வளையலுக்கு அடியில் அழுக்கு தங்கும், பெற்றவளுக்குக் காய்ச்சல் வரும் என்று ஒருத்தி தமிழில் சொன்னாள். கல்யாணமான இரண்டு பெண்கள் அழுதார்கள். அம்மா மட்டும் சும்மா நின்றாள். "நீ ஏன் கழட்டலை?" என்று கேட்டதற்கு, "எனக்கு எங்கூர்லயே கழட்டிப்போட்டாங்க. ஒரு வேலை மிச்சமுங்க" என்றாளாம். துரைசானிக்கு அதை இங்கிலீஷில் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை என்பதுதான் அம்மாவுக்குக் குறை.

ஒரு தடவை வந்தபோது கந்தல் துணியால் ஒரு பொம்மை தைத்தாள். உள்ளே தவிடு. அடியில்லாத கூடைக்குள் அதை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று கையால் தடவிச் சொல்ல வேண்டும். அதுதான் பரீட்சை. தைத்து முடித்த பிறகுதான் பார்த்தேன். அது என் மஞ்சள் பாவாடை. பேரூர்த் தேருக்குப் போனபோது அப்பா வாங்கிக் கொடுத்தது. எனக்குக் குட்டையாகிவிட்டதுதான், இருந்தாலும் என்னுடையது. கையில் கொடு என்றேன். "அழுக்காயிரும் கண்ணு, பரிச்சைக்கு வேணும்" என்று அதைத் துண்டில் சுற்றி, தலை சாயாமல் பையில் வைத்தாள். என்னை அவள் அப்படிச் சுற்றி வைத்ததாக எனக்கு நினைவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் பொம்மையின் ஒரு காலில் தையலைப் பிரித்துவிட்டேன்.

அடுத்த மாதம் வந்து சொன்னாள். "பரிச்சையில கூடைக்குள்ள கைய உட்டா ஒரு காலு கழண்டு கையோட வந்துருச்சு. டீச்சரம்மா இதென்னன்னாங்க. 'காலு போனாலும் புள்ளை உசுரோட இருக்குதுங்க'ன்னேன். பாஸ் போட்டுட்டாங்க." தையலைப் பிரித்தது யார் என்று அவள் கேட்கவில்லை.

என் குணம் அப்படி. அதற்குக் காரணம் பெரியம்மா என்று வீட்டில் எல்லாருமே சொல்லுவார்கள், பெரியம்மா உட்பட. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தவுடன் சேனை தொட்டு வைப்பார்கள். கருப்பட்டித் தண்ணீரில் விரலை நனைத்துப் பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக வைப்பது. யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வந்துவிடும். அதனால் குடும்பத்தில் ஆள் பார்த்துத்தான் தொடச் சொல்லுவார்கள். எனக்குத் தொட்டது பெரியம்மா. "என்ற சேனை. என்னையாட்டமேதான் வருவா, பாத்துக்கங்க" என்று என் தலையை வாரும்போதெல்லாம் சொல்லுவாள்.

பெரியம்மா கெட்டவள் அல்ல. எனக்கு ஒரு வேளைச் சோறு குறைத்ததில்லை. ஆனால் அம்மா கையில் குடையோடும் காலில் செருப்போடும் வரப்பில் நடந்து வருவதைப் பார்த்தால் அவள் முகம் மாறிவிடும். "தாலியறுத்தவளுக்குக் குடை. தாலி கட்டினவ வெய்யல்ல களை வெட்டறேன்" என்பாள், அம்மா காதில் விழுகிற தூரத்தில். ஒருநாள் அம்மா படுத்திருந்தபோது பெரியம்மா அந்தக் குடையை எடுத்து விரித்து, களத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்ததை நான் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் யாரிடமும் சொல்லவில்லை. இருவரும் ஒரே சேனை.

1935 சித்திரையில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. பேரூர்ப் பாதையிலிருந்து பிரிந்து போனால் வரும் செல்லாண்டிப்புதூரில் புதிதாக ஒரு பிரசவ நிலையம். முன்னால் ஓர் அறையும் ஒரு மேசையும் பதிவுப் புத்தகமும். பின்னால் நாங்கள் இருக்க ஓர் அறை. அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றி என்னை அழைத்துக்கொண்டு போனாள். ஆனால் அந்த அறை எங்களுடையது ஆகவில்லை. ஆறு மாதத்துக்குள் இருபது பிரசவமாவது பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் நிலையத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அம்மா ஆசுபத்திரி விடுதிக்கும் நான் பெரியம்மாவிடமும் திரும்ப வேண்டியதுதான்.

ஆக, நாங்கள் இருவரும் சேர்ந்து இருக்க வேண்டுமானால் ஊரார் பிள்ளைகள் இருபது பேர் அம்மா கையில் பிறந்தாக வேண்டும். எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே, ஒருத்தரும் அவளைக் கூப்பிட வரக்கூடாது என்று காலையில் எழுந்ததும் கும்பிட்டேன்.

சாமி கேட்டார் போலிருக்கிறது. முதல் இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. அந்த ஊரில் பரம்பரையாகப் பிரசவம் பார்த்துவந்த பங்காரு என்கிறவள், "அவ பையில கத்தி வெச்சிருக்கறா. வவுத்த அறுத்து எடுத்துப்போடுவா" என்று வீடு வீடாகச் சொல்லிவைத்திருந்தாள். பெண்கள் வேலிக்கு அப்பால் நின்று அம்மாவை வேடிக்கை பார்ப்பார்கள். கழுத்து வரைக்கும் மூடிய ரவிக்கை, வெள்ளைச் சீலை, வெறுங்கை, நெற்றியில் திருநீறு. ஆசுபத்திரிக்காரிகள் எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

"உங்கூட்டுக்காரரு எங்கீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கெணத்து வேலைக்குப் போனாருங்க."

எங்கள் சீமையில் கிணறு வெட்ட மாதக்கணக்கில் போகிறவர்கள் உண்டு. கேட்டவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அம்மா என் பக்கம் திரும்பினாள். "யாராச்சும் அப்பாவைக் கேட்டா, அம்மாவைக் கேளுங்கன்னு சொல்லிப்போடு சாமி. நாம பொய்யும் சொல்ல வேண்டாம். அவிய கேக்காததைச் சொல்லவும் வேண்டாம்." பிறந்த பிள்ளை முதன்முதலில் கைம்பெண் முகத்தில் விழித்தால் ஆகாது என்பது எங்கள் ஜனங்களிடம் இருந்த பயம். தெரிந்துவிட்டால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

முதலில் கூப்பிட்டது வளையல் கடைக் கரீம். அவர் மனைவி உம்மல் குல்சுமுக்கு மூன்றாவது பிரசவம். அந்த அம்மா புருஷனைப் பற்றி நேராகக் கேட்டாள், அம்மா நேராகச் சொன்னாள். "அல்லா எடுத்துக்கிட்டதுக்கு நீ என்ன பண்ணுவே? வந்து வேலையைப் பாரு" என்றாளாம். பிரசவம் பார்த்தால் அதோடு முடியாது. பத்து நாள் காலையில் போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டி, தொப்புளுக்கு மருந்து வைத்துவிட்டு வர வேண்டும். அந்தப் பத்து நாளும் எனக்குத் தலை வாரிவிட ஆளில்லை. பத்தாம் நாள் கரீம் ஒரு டஜன் சிவப்பு வளையலைக் கொடுத்தனுப்பினார். அம்மா அதை என் கையில் போட்டுவிட்டாள். அழகாகத்தான் இருந்தது. யாரோ ஒரு பிள்ளை பிறந்ததற்கு எனக்கு வளையலா என்று இரண்டை உடைத்தேன். மீதியைப் போட்டுக்கொண்டேன்.

நாலாவது மாதம் முடியும்போது பதிவுப் புத்தகத்தில் நான்கே பெயர்கள் இருந்தன.

ஆவணியில் ஒரு நாள் காலை, ஊர் மணியகாரர் லட்சுமணசாமி வீட்டிலிருந்து வண்டி வந்தது. அவர் மகள் மாசாணியம்மாளுக்கு வலி கண்டிருந்தது. புகுந்த ஊரில் முதல் பிள்ளை பிறந்து அழாமலே போய்விட்டதால், இந்தத் தடவை ஆசுபத்திரிக்காரியை அழைப்பது என்று மணியகாரர் சொல்லிவிட்டார். அம்மா பையை எடுத்துக்கொண்டே, "இந்த ஒரு ஊடு சரியா வந்துருச்சுன்னா போதுங் கண்ணு. ஊரே வந்துரும்" என்றாள். பள்ளிக்கூடம் இல்லாத நாள். என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

வாசலில் மணியகாரர் மனைவி நின்றிருந்தாள். ஊரில் அவளை மணியகாரம்மா என்பார்கள். அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனம்மணி, ஆசுபத்திரிக்காரிக வளவி போடக்கூடாதுன்னு சட்டமாமா?"

"ஆமாங்க. அழுக்குத் தங்குமுங்க."

"அதானே பாத்தேன். வெறுங்கையாட்டம் இருக்குதேன்னு."

கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. கேட்காததை அம்மா சொல்லவில்லை. கையைப் பிரஷ் போட்டு ஐந்து நிமிஷம் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போனாள். நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வளையலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சாய்கிற நேரத்துக்குப் பிள்ளை வந்தது. சத்தம் வரவில்லை. மணியகாரம்மா, "இதுவும் போச்சா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கதவிடுக்கில் பார்த்தேன். பிள்ளை நீலமாக இருந்தது. அம்மா அதன் வாய்க்குள் விரலை விட்டுக் கோழையை வழித்து எடுத்தாள். தலையைத் தாழ்த்திப் பிடித்து முதுகைத் தேய்த்தாள். பிறகு மெல்லிய துணியை அதன் முகத்தில் போட்டு, வாயோடு வாய் வைத்து ஊதினாள். கொஞ்சங் கொஞ்சமாக, அடுப்பு ஊதுவது போல் இல்லாமல், விளக்கை அணைக்காமல் ஊதிப் பார்ப்பது போல. பிள்ளை இருமியது. பிறகு அழுதது.

வீடே நிமிர்ந்தது. ஆண் பிள்ளை. மணியகாரர் வாசலில் நின்று யாரிடமோ சர்க்கரை எடுக்கச் சொன்னார். எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்கள். அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றினாள். துண்டில் சுற்றி, தலை சாயாமல். அந்தப் பொம்மையைச் சுற்றினாளே, அதே மாதிரி.

மணியகாரம்மா கருப்பட்டித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்தாள். யார் சேனை தொடுவது என்று பேச்சு வந்தது. மாசாணியம்மாள் கட்டிலில் கிடந்தபடியே சொன்னாள்.

"இந்த அக்காவே தொடட்டும்மா. அவிய ஊதின மூச்சுதானே."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றாள் மணியகாரம்மா. "தொட்டு வெய்யி அம்மணி. உன்னையாட்டம் படிச்சு, நெஞ்சழுத்தமா வரட்டும்."

அம்மா தயங்கினாள். "ஊட்டுப் பெரியவிய தொடறதுதானுங்க மொறை" என்றாள்.

"மொறையெல்லாம் நாங்க சொல்றதுதான். தொடு."

கிண்ணத்தை அவள் கையில் வைத்துவிட்டார்கள். அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். தயக்கத்துக்கு அடியில் ஓர் ஆசை இருந்தது. முகூர்த்தக்காலுக்குக்கூட நிற்க முடியாதவளை, ஒரு வீட்டின் முதல் பேரனுக்குச் சேனை தொடச் சொல்லுகிறார்கள். இன்றைக்கு அது எனக்குப் புரிகிறது. அன்றைக்குப் பதினோரு வயதில் எனக்குப் புரிந்தது வேறு. என் நாக்கில் தொட்டது பெரியம்மா. இவன் நாக்கில் தொடப் போவது என் அம்மா. நான் பெரியம்மாவைப் போல ஆகிவிட்டேன். இவன் என் அம்மாவைப் போல வரப் போகிறான்.

"எங்கப்பா செத்துப்போயிட்டாருங்க" என்றேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. மணியகாரம்மா திரும்பினாள்.

"என்ன சொன்னே?"

"கெணத்து வேலைக்குப் போயி செத்துப்போயிட்டாருங்க. மூணு வருசமாச்சு."

அம்மாவின் விரல் கிண்ணத்துக்கு மேலே அப்படியே நின்றது. மணியகாரம்மா கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது. அம்மா கையைக் கழுவி, கத்தரிக்கோலைத் துடைத்து, பையைக் கட்டினாள். "காலைல வாரேனுங்க. தொப்புளுக்கு மருந்து வெக்கோணும்" என்றாள். திரும்புவதற்கு வண்டி வரவில்லை. நடந்தே வந்தோம்.

அம்மா அறைக்கு வந்து பெட்டியை இறக்கி, என் பாவாடைகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். கோபமாக இல்லை. ஊருக்குப் போகிறவர்களுக்குத் துணி அடுக்குவது போல அடுக்கினாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"நான் போகலைம்மா."

"இனி எவ கூப்புடுவா? ரண்டு மாசம் இருக்குது. மொதல்லயே எடுத்து வெச்சுக்கறது நல்லதுதானே." பிறகு, தலை நிமிராமல் கேட்டாள். "ஏஞ் சாமி சொன்னே?"

"எனக்குப் பெரியம்மாதானே தொட்டாங்க. அவனுக்கு மட்டும் நீயா?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "பத்து மாசம் என்ற வவுத்துல இருந்தியே, அது பத்தலையா உனக்கு?" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை பையை எடுத்தாள். விட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். "உள்ளே உடறதும் உடாததும் அவிய பாடு. போறது என்ற வேலை" என்று என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மணியகாரம்மா வாசற்படியைத் தாண்டி வந்து வழியில் நின்றாள். பின்னால் பங்காரு நின்றிருந்தாள். ஒரே நாளில் சேதி போய், அவள் வந்து சேர்ந்திருந்தாள்.

"நான் உன்னையக் கொறை சொல்லலை அம்மணி" என்றாள் மணியகாரம்மா. "உசுரு குடுத்தே. மறக்க மாட்டோம். ஆனா இது மொதப் பேரன். நல்லவேளை, சேனை தொடறதுக்கு முந்தியே உன்ற புள்ளை சொல்லிருச்சு."

பங்காரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். "முந்தி சொல்லலீங்க. பிந்தித்தானுங்க சொன்னா" என்றாள்.

"எப்புடி?"

"கோழை எடுக்கறப்ப என்ற வெரலு அவன் வாய்க்குள்ள போயிருச்சுங்களே. நாக்குல மொதல்ல பட்டது அதுதானுங்க. உங்க கருப்பட்டித் தண்ணி அப்பறம் வந்ததுங்க. மூச்சும் என்றதுதான் போச்சு. வெறும் வெரல்ல தொட்டாச் சேனை ஆகாதுன்னு நீங்க சொன்னீங்கன்னா நான் போயிர்றனுங்க. ஆகும்னா, அதை இனித் திருப்பி எடுக்க எனக்கு வழி தெரியலீங்க."

பங்காருவின் சிரிப்பு நின்றது. மணியகாரம்மா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கணக்குப் போடுவது தெரிந்தது. சேனை தொட்டவள் ராசியில்லாதவள் என்றால், பேரன் ராசியில்லாதவன். தொட்டவள் கெட்டவள் என்றால், பேரனும் அப்படித்தான்.

"அப்ப இவன் உன்னையாட்டம் வருவானா?" என்று கடைசியில் கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"தெரியலீங்க. வாய்த்துடுக்கு மட்டும் நிச்சயமா வருமுங்க."

உள்ளே கட்டிலிலிருந்து மாசாணியம்மாள் சிரிப்பது கேட்டது. பிரசவித்த வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தாள். "அம்மா, அவியளை வெளியில நிக்க வெக்காதீங்க" என்றாள். "என்ற பையன்ற கொணம் வாசல்ல நிக்குது. உள்ள வரச் சொல்லுங்க."

மணியகாரம்மா வழியை விட்டாள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரைக்கும் வேடிக்கை. பத்து நாள் கழித்துச் செல்லாண்டியம்மன் கோயிலில், பங்காரு நாலு பேர் நடுவில், "அறுத்தவ மூஞ்சியில முழிச்ச புள்ளை" என்று ஆரம்பித்தாளாம். மணியகாரம்மா பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அவளைச் சொன்னீன்னா என்ற பேரனைச் சொன்னாப்பல. பாத்துப் பேசு" என்றாளாம். அம்மா மீது பிரியத்தால் அல்ல. அவளுக்கு வேறு வழியில்லை. அம்மாவை உயர்த்திப் பேசினால்தான் பேரன் உயருவான். அதனால் உயர்த்திக்கொண்டே போனாள். தெய்வாத்தாள் கை ராசியான கை, சுத்தமான கை, கோயமுத்தூர்த் துரைசானியே மெச்சின கை என்று போகிற இடமெல்லாம் சொன்னாள். ஐப்பசி முடிவதற்குள் புத்தகத்தில் இருபத்து மூன்று பெயர்கள் ஏறிவிட்டன. எல்லா வீட்டிலும் முன்வாசல் திறந்தது என்று சொல்ல முடியாது. சில வீடுகளில் புழக்கடை வழியாகத்தான் அழைத்தார்கள். சேனை தொட வேறு ஆள் வந்து நிற்பார்கள். அம்மாவும் கிண்ணத்தின் பக்கம் திரும்பாமல், விரலால் கோழையை எடுத்துவிட்டு, "இனி நீங்க தொடுங்க" என்று ஒதுங்கிக்கொள்வாள்.

நிலையம் அங்கேயே இருந்தது. அந்தப் பின்னறை எங்களுடையது ஆயிற்று. ஆணை வந்த அன்று சாயங்காலம் அம்மா கருப்பட்டியை உடைத்துத் தண்ணீரில் கரைத்தாள். "நாக்கை நீட்டு" என்றாள்.

"எதுக்கு?"

"பதினோரு வருசம் கழிச்சுத் தொட்டா ஒட்டுமோ ஒட்டாதோ. தொட்டு வெப்போம், நீட்டு."

நீட்டினேன். அவள் விரல் பட்டதும் கடித்தேன். வேண்டுமென்றுதான் கடித்தேன். கருப்பட்டி இனிப்புத் தெரியவில்லை. அவள் கை கழுவுகிற கார்பாலிக் சோப்பின் கசப்புத்தான் தெரிந்தது. "உன்ற பெரியம்மாளே பரவால்ல" என்று விரலை உதறிக்கொண்டு சிரித்தாள்.

மாசாணியம்மாளின் மகனுக்கு நஞ்சுண்டன் என்று பேர் வைத்தார்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எங்கள் அறைக்கு வந்துவிடுவான். அம்மாவை அம்மா என்பான், பெற்றவளை ஆத்தா என்பான். வெறும் எட்டு வயதில், அடிக்க வந்த வாத்தியாரிடம், "அடிங்க சார், ஆனா கணக்கு அப்படியேதான் இருக்கும்" என்று சொன்னவன் அவன். ஊரே, "தெய்வாத்தாள் சேனை" என்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கல்யாணமாகிக் கப்பலேறி நான் மலாயா வந்தபோது நாகப்பட்டினம் வரைக்கும் அம்மாவோடு வழியனுப்ப வந்தவனும் அவன்தான். திரும்பிப் போகையில் அவள் பையை அவன் தூக்கிக்கொண்டான். என்னைவிட்டு அவள் விலகிப் போவதைவிட, அந்தப் பை அவன் தோளில் போவதைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அம்மாவைப் பற்றி எனக்கு வருகிற சேதியெல்லாம் அவன் எழுதுவதுதான். ஈப்போவில் தபால்காரர் வராத வாரம் எனக்குச் சோறு இறங்காது. போன மாதம் எழுதியிருந்தான். "அக்கா, அம்மாவுக்கு முட்டி வீக்கம். நடக்கக் கூடாதென்று டாக்டர் சொல்கிறார். கேட்டால், 'காலு போனாலும் உசுரோட இருக்கறேன்' என்கிறாள். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்."

அவன் இருப்பதால்தான் நான் கவலைப்படாமல் இருக்க வேண்டும். அவன் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவும் இல்லை. நன்றி என்று எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதினேன். மூன்றாவது காகிதத்தில்தான் ஒழுங்காக வந்தது. உறையில் போடுமுன் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் எழுத்து அம்மாவின் எழுத்தைப் போலவே வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. என் எழுத்து நேராக, இறுக்கமாக, பெரியம்மாவுக்கு எழுதத் தெரிந்திருந்தால் எப்படி எழுதியிருப்பாளோ, அப்படி இருக்கிறது.